நீச்சல் குளத்துக் கதவில் ஒரு டோக்கன் பலகை

எங்கள் சங்கக் கூட்டத்தில் யாராவது நீச்சல் குளத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் அன்றைக்கு ராத்திரிச் சாப்பாடு பத்து மணிக்கு மேல்தான். லிஃப்ட், தண்ணீர் லாரி, கார் நிறுத்தும் இடம், தெருநாய் எல்லாம் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். குளம் மட்டும் முடியாது. வாடகைக்கு இருப்பவர்களை விடலாமா, பராமரிப்புப் பணம் பாக்கி வைத்தவர்களை நிறுத்தலாமா, விருந்தாளிக்குக் காசு வாங்கலாமா, பெண்களுக்குத் தனி நேரம் எதற்கு, இப்படியே போகும். எல்லாமே உரிமைப் பேச்சு. தண்ணீருக்குள் இந்த நிமிஷம் எத்தனை பேர் இருக்கிறார்கள், அவர்களை யார் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. எனக்கு அதுதான் முதல் கேள்வி. கதவு, பூட்டு, அட்டை எல்லாம் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதற்காக வைத்தவை.

நான் அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பிறந்து வளர்ந்தது வாடிப்பட்டிப் பக்கம், பெரியாறு பாசனக் கால்வாய்த் தண்ணீர் பாயும் ஊர். அங்கே கிணற்றில்தான் நீச்சல் பழகுவோம். இடுப்பில் காய்ந்த சுரைக்குடுக்கையைக் கட்டிக் கயிறு போட்டு இறக்குவார்கள். மேலே மாமாவோ சித்தப்பாவோ கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கயிறு பிடிக்க ஆள் இல்லையென்றால் யாரும் இறங்கக் கூடாது. அந்தக் கிணற்றுக்கு இருந்த ஒரே சட்டம் அதுதான். வாத்தியாராக ஆன பிறகு அந்தச் சட்டம் மீறப்பட்ட வீடுகளுக்குப் போயிருக்கிறேன். கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறக்கிற அன்று வருகைப் பதிவேட்டில் ஒரு பெயரை அடிக்க வேண்டிவந்த வருஷங்கள் உண்டு. கிணறு, கண்மாய், கல்குவாரிப் பள்ளம் என்று இடம்தான் மாறும். கூடப் பெரியவர் யாரும் இல்லை என்பது மாறவே மாறாது.

எங்கள் குடியிருப்பு அழகர்கோவில் சாலையை ஒட்டி இருக்கிறது. குளம் 15 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலம், ஒரு முனையில் 3 அடி, மறுமுனையில் 5 அடி ஆழம். ஏறக்குறைய ஒன்றேகால் லட்சம் லிட்டர் தண்ணீர் பிடிக்கும். 12,000 லிட்டர் லாரியில் வாங்கினால் பத்து லோடுக்கு மேல் ஆகும். மதுரையில் ஆழ்துளைக் கிணற்றை நம்பி வாழ்கிறவர்களுக்கு இது சாதாரணக் கணக்கு இல்லை என்று தெரியும். அதனால் தண்ணீரை அடிக்கடி மாற்ற முடியாது. அதே தண்ணீரை மணல் வடிகட்டியில் சுற்றவிட்டு, குளோரின் போட்டு, மாதக்கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். யார் இறங்குகிறார்கள், எப்படி இறங்குகிறார்கள் என்பதற்கு விதி தேவைப்படுவதற்கு இது இன்னொரு காரணம்.

சரி, கதவுக்கு வருகிறேன்.

கட்டிக் கொடுத்தவர்கள் குளத்துக்கு மூன்று பக்கம்தான் வேலி போட்டிருந்தார்கள். நாலாவது பக்கம் விழா மண்டபத்தின் கண்ணாடிக் கதவு. பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் மண்டபத்தில் பிறந்தநாள் விழா நடந்தால், பெரியவர்கள் பிரியாணித் தட்டோடு உட்கார்ந்திருக்கும்போது ஒரு மூன்று வயசுப் பிள்ளை நேராகத் தண்ணீருக்கு நடந்து போகலாம். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் இதைப் பற்றித் தெளிவாகச் சொல்கிறது: குளத்தை மட்டும் நாலு பக்கமும் தனியாக அடைத்தால், மூன்று பக்க வேலியைவிடக் குழந்தைகள் மூழ்கும் ஆபத்து 83 சதவீதம் குறையும். இந்த ஒரு எண்ணைக் கூட்டத்தில் வாசித்தேன். நாலாவது பக்கத்துக்கும் கம்பி வேலி வந்தது. உயரம் 4 அடிக்கு மேல். கம்பிகளுக்கு நடுவே 10 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி கிடையாது. குழந்தை கால் வைத்து ஏறுகிற மாதிரி குறுக்குக் கம்பியும் கிடையாது. வேலி ஓரமாக யாரும் பிளாஸ்டிக் நாற்காலி போடக் கூடாது என்பதையும் விதியில் சேர்த்தோம். நாற்காலி ஒன்று கிடந்தால் 4 அடி வேலி இரண்டரை அடி வேலியாகிவிடும்.

கதவு குளத்தை விட்டு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும். உள்பக்கமாகத் திறக்கும் கதவைக் குழந்தை சும்மா தள்ளினாலே போதும். வெளியே இழுக்க வேண்டிய கதவென்றால் அவ்வளவு எளிதில் முடியாது. விட்டவுடன் தானாகச் சாத்தி, தானாகக் கொக்கி விழ வேண்டும். இந்தத் 'தானாக' ஊரில் ஆடிக்காற்று அடிக்கும்போதுதான் சோதனைக்கு வரும். ஸ்பிரிங் கீல் தளர்ந்திருந்தால் காற்றின் வேகத்தில் கதவு சாத்தின மாதிரி நிற்கும், கொக்கி விழுந்திருக்காது. தூரத்திலிருந்து பார்த்தால் பூட்டியிருப்பதாகவே தோன்றும். காவல் தம்பி காலையில் செய்யும் முதல் வேலை, கதவை முழுக்க ஒரு தடவை, பாதி ஒரு தடவை, ஒரு சாண் அளவுக்கு ஒரு தடவை திறந்துவிட்டு மூன்றிலும் கொக்கி விழுகிறதா என்று பார்ப்பது.

பூட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நிறைய குடியிருப்புகளில் இதே தவறு இருக்கிறது என்று நினைக்கிறேன். எங்களுக்கு அட்டை காட்டித் திறக்கும் வசதி செய்து கொடுத்தவர்கள் மேக்னட் லாக் மாட்டினார்கள். 12 வோல்ட் மின்சாரம் ஓடும்வரை காந்தம் கதவை இரும்புப் பிடியாகப் பிடித்துக்கொள்ளும். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலையிலிருந்து சாயங்காலம்வரை மின்சாரம் நிறுத்தும் நாள் ஒன்று வந்தது. வராண்டா கூட்டுகிற அம்மா வந்து, "டீச்சர், கொளத்துக் கேட்டு தானா தொறந்து கெடக்கு" என்றார். போய்ப் பார்த்தால், பூட்டுக்குத் துணையாக வைத்த பேட்டரி தீர்ந்திருந்தது. ஜெனரேட்டர் இணைப்பு லிஃப்டுக்கும் மோட்டாருக்கும் வராண்டா விளக்குக்கும்தான். காந்தத்தில் உயிர் இல்லை. பள்ளி விடுமுறை நாள் வேறு.

பூட்டு பழுதில்லை. அந்த வகைப் பூட்டே அப்படித்தான் வேலை செய்யும். தீ விபத்தில் மின்சாரம் போனால் உள்ளே இருப்பவர்கள் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக, மின்சாரம் போனதும் திறந்துகொள்ளும்படி செய்திருக்கிறார்கள். அலுவலகத்துக்கும் ஜவுளிக்கடைக்கும் அது சரி. குளத்துக்கு ஆபத்து வெளியிலிருந்து உள்ளே போகிற பக்கம். அதற்கு மின்சாரம் போனாலும் பூட்டியே இருக்கிற, ஆனால் உள்ளிருந்து கைப்பிடியைத் திருப்பினால் எப்போதும் திறக்கிற பூட்டு வேண்டும். அந்த வகையும் கடையில் கிடைக்கிறது. விலை வித்தியாசம் பெரிதில்லை. கேட்டு வாங்க வேண்டும், அவ்வளவுதான். உள்பக்கக் கைப்பிடி தரையிலிருந்து ஐந்தடி உயரத்தில் இருக்கட்டும். வேலிக்கு மேலே கை நீட்டி எட்டினாலும் சிறு பிள்ளைக்குக் கிடைக்கக் கூடாது. உங்கள் குடியிருப்பில் குளம் இருந்தால் இன்றைக்கே அந்தக் கதவின் மின் இணைப்பையும் பேட்டரியையும் துண்டித்துவிட்டு, இழுத்துப் பாருங்கள்.

கைரேகைக் கருவி வைக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. தண்ணீரில் சில நிமிஷம் இருந்தாலே விரல் சுருங்கிவிடும், ரேகை சரியாகப் படியாது. பாத்திரம் தேய்த்து, துணி துவைத்தே ரேகை தேய்ந்த பெண்களின் விரலைக் கருவி எடுக்காமல் திருப்பி அனுப்புவதை நியாயவிலைக் கடையிலேயே பார்த்திருக்கிறோம். அப்புறம் முகத்தைப் படம் பிடித்துத் திறக்கும் கருவியோடு ஒருவர் வந்தார். பதினெட்டு வயசுக்குக் கீழே உள்ள பிள்ளைகளின் விவரத்தைச் சேர்ப்பதற்குப் பெற்றோரின் சம்மதம் வாங்க வேண்டும் என்று 2023 ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமே சொல்கிறது. ஒரு நீச்சல் குளத்துக்காக நம் பிள்ளைகளின் முகங்களை எங்கேயோ இருக்கிற கணினியில் கொண்டுபோய்ச் சேர்க்க எனக்கு மனசில்லை. அட்டையே போதும் என்று முடிவாயிற்று.

ஆனால் அட்டை ஒன்றைச் சொல்லாது. ஒரு அட்டையைக் காட்டினால் கதவு திறக்கும். பின்னாலேயே நாலு பேர் நுழைவார்கள். கருவியில் 'ஒருவர் உள்ளே' என்று பதிவாகும். வெளியே போகும்போது யாரும் அட்டை காட்டுவதில்லை. ஆக, தண்ணீரில் எத்தனை பேர் என்று கருவிக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது.

இதற்கு வழி சொன்னவர் என் வீட்டுக்காரர். ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர். அவர் காலத்தில் ஒற்றைத் தண்டவாளப் பாதையில் அந்தப் பகுதிக்கு உரிய டோக்கன் கைக்கு வராமல் டிரைவர் வண்டியை எடுக்க மாட்டார். எடுத்த டோக்கன் அடுத்த ஸ்டேஷனில் திரும்பி வந்தால்தான் தடம் காலி என்று அர்த்தம். அதே மாதிரி குளத்துக்கும் வைத்தோம். கதவுக்கு உள்ளே ஒரு பலகை, அதில் இருபது ஆணி, இருபது டோக்கன். ஒவ்வொன்றிலும் கையில் மாட்டிக்கொள்ள ரப்பர் வளையம். உள்ளே வருபவர் வீட்டு அட்டையை ஆணியில் மாட்டிவிட்டு டோக்கனை எடுத்துக்கொள்ள வேண்டும். போகும்போது டோக்கனை மாட்டிவிட்டு அட்டையை எடுக்க வேண்டும். அட்டை ஒவ்வொருவருக்கும் தனித்தனி, பிள்ளைகளுக்கும் சேர்த்து. காவல் தம்பி பலகையை ஒரு பார்வை பார்த்தால் உள்ளே எத்தனை பேர், எந்தெந்த வீடு என்று தெரிந்துவிடும். இருபது டோக்கனும் போய்விட்டால் யாராவது வெளியே வரும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். சாயங்காலம் பூட்டும்போது ஒரு டோக்கன் குறைந்தால், முதலில் குளத்தின் அடித்தரையைப் பார்க்க வேண்டும், கழிப்பறையைப் பார்க்க வேண்டும், பிறகு அந்த வீட்டுக்குப் போன் செய்ய வேண்டும். அதுவரை விளக்கை அணைக்கக் கூடாது.

பன்னிரண்டு வயசுக்குக் கீழே இருக்கும் பிள்ளைகளுக்குச் சிவப்பு டோக்கன். சிவப்பு எடுத்தால் கூடவே அதே வீட்டுப் பெரியவர் ஒருவர் நீல டோக்கன் எடுத்தாக வேண்டும். நீலம் எடுத்தவர் குளத்தின் ஓரத்தில், தண்ணீரைப் பார்த்து உட்கார வேண்டும், போனைப் பையில் வைத்துவிட்டு. ஐந்து வயசுக்குக் கீழே என்றால் பெரியவரும் தண்ணீருக்குள் இறங்கிக் கைக்கெட்டும் தூரத்தில் நிற்க வேண்டும். இதில்தான் எனக்கு அதிகம் சண்டை வந்தது. "காவலுக்கு ஆள் இருக்கே, நாங்க எதுக்கு?" என்பார்கள். மூழ்குகிற பிள்ளை சத்தம் போடும், கையை ஆட்டிக் கூப்பிடும் என்று நினைக்கிறோம். அப்படி நடப்பதில்லை. வாய் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வந்து வந்து போகும். மூச்சு விடவே நேரம் போதாதபோது கத்துவதற்கு எங்கே? கைகள் இரண்டும் பக்கவாட்டில் தண்ணீரை அழுத்திக்கொண்டிருக்கும். பக்கத்தில் விளையாடும் பிள்ளைக்குக்கூடத் தெரியாது. ஒரு நிமிஷத்துக்குள் முடிந்துவிடலாம். ஒரு போன் பேசும் நேரம்கூட இல்லை. இருபது பேரைப் பார்க்கும் காவல் தம்பியின் கண்ணோடு, அந்த ஒரு பிள்ளையை மட்டும் பார்க்கும் இன்னொரு ஜோடிக் கண்ணும் வேண்டும்.

காவல் தம்பிக்கும் நீலம் எடுப்பவர்களுக்கும் முதலுதவி வகுப்பு எடுக்கச் சொல்லி ஒரு மருத்துவரை அழைத்திருந்தோம். தண்ணீரிலிருந்து எடுத்தவரைத் தலைகீழாகப் பிடித்துச் சுற்றுவது, வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது எல்லாம் நம் பக்கத்தில் இன்னும் நடக்கிறது. அந்த நேரம் வீண். மூச்சு இல்லையென்றால் உடனே வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுத்து, மார்பை அழுத்த ஆரம்பிக்க வேண்டும். இன்னொருவர் 108-ஐ அழைக்க வேண்டும். பலகைக்குப் பக்கத்திலேயே மிதவை வளையமும் நீளக் கொக்கிக் கம்பும் மாட்டியிருக்கிறோம். நீச்சல் தெரியாதவர் குதிக்காமல் நீட்டுவதற்கு அந்தக் கம்பு.

தண்ணீர் சரியில்லை என்றால் அட்டை இருந்தும் பயனில்லை, கதவு திறக்காது. காலையில் தம்பி சோதனைக் குப்பியில் பார்த்துப் பலகையில் எழுதுவார். குளோரின் 1 முதல் 3 பி.பி.எம்.முக்குள் (லிட்டருக்கு அத்தனை மில்லிகிராம்), அமில-காரத் தன்மையைக் காட்டும் பி.எச். 7.2 முதல் 7.8-க்குள் இருந்தால்தான் திறப்பு. மதுரை வெயிலில் குளோரின் சீக்கிரம் காணாமல் போகும், அதனால் ராத்திரிதான் மருந்து போடுகிறோம். இன்னொரு சோதனைக்குக் குப்பியே வேண்டாம்: கரையில் நின்றால் ஆழமான முனையில் அடியில் இருக்கும் வடிகால் மூடி தெளிவாகத் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் அங்கே கிடக்கும் பிள்ளையும் தெரியாது. அன்றைக்குக் குளம் மூடல். சித்திரை, வைகாசிச் சாயங்காலங்களில் இடி கேட்டால் எல்லாரும் வெளியே வர வேண்டும். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் மறுபடி இறங்கலாம்.

எண்ணெய் தேய்த்த தலையோடு யாரும் இறங்கக் கூடாது என்று எழுதியதற்குச் சில பெரியவர்கள் வருத்தப்பட்டார்கள். சனிக்கிழமை நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டு கிணற்றில் குதித்தவர்கள்தான் நாங்கள் எல்லாரும். ஆனால் கிணற்றில் ஊற்று இருந்தது, கமலையோ மோட்டாரோ தண்ணீரை வெளியே எடுத்துக்கொண்டிருந்தது. இங்கே எண்ணெய் மிதந்து வடிகட்டி மணலில் போய்ப் படிந்து அதை அடைத்துவிடும். வீட்டில் சீயக்காய் போட்டுக் குளித்துவிட்டு மறுநாள் வரட்டும். இறங்குவதற்கு முன்னால் குழாயடியில் நன்றாக நனைந்து உடம்பைத் தேய்த்துக்கொள்வதும் கட்டாயம். கண் எரிகிறது, குளோரின் ஜாஸ்தி என்று புகார் வரும். பெரும்பாலும் கண் எரிச்சலுக்கும் அந்த வாடைக்கும் காரணம், வேர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேர்ந்து உண்டாகும் குளோரமின். வயிற்றுப்போக்கு இருக்கும் பிள்ளையைக் கண்டிப்பாகக் கூட்டி வரக் கூடாது. சில கிருமிகள் குளோரின் தண்ணீரிலும் பல நாள் சாகாமல் இருக்கும்.

உடை விஷயத்தில் ஒழுக்கம் என்ற பேச்சே வேண்டாம் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். விதி துணியைப் பற்றியது மட்டும். பருத்தித் துணி தண்ணீரைக் குடித்துக் கனமாகும், நூல் பிரிந்து வடிகட்டிக்குப் போகும். துப்பட்டாவும் நைட்டியும் லுங்கியும் காலைச் சுற்றும். நைலான், பாலியஸ்டர் எதுவானாலும் சரி, உடம்பை ஒட்டி இருந்தால் போதும். கை கால் முழுக்க மூடியிருந்தாலும் தடையில்லை. சாயங்காலம் 4 முதல் 5 வரை பெண்களுக்கு மட்டும் என்று வைத்தோம். அந்த நேரத்துக்குக் காவலும் ஒரு பெண்தான்; கேமரா கதவையும் பலகையையும் மட்டும் பார்க்கும்படி திருப்பியாயிற்று. எதற்குத் தனி நேரம் என்று கேட்டவர்களுக்கு இப்போது பலகையே பதில். இந்தக் குடியிருப்புக்கு வந்த நாளிலிருந்து குளத்தைப் பால்கனியிலிருந்து மட்டுமே பார்த்த பெண்கள், பர்தா அணியும் வீட்டுப் பெண்கள் உட்பட, அந்த ஒரு மணி நேரத்தில் மிதக்கப் பழகியிருக்கிறார்கள். ஐம்பது வயசுக்கு மேல் முதல் தடவையாகத் தண்ணீரில் மல்லாந்து படுத்து, "விழலயே, நான் விழலயே!" என்று ஒரு அக்கா சொன்னதைக் கேட்க எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

உரிமைப் பேச்சுக்கு வந்தால், என் நிலை இது. வீட்டில் யார் குடியிருக்கிறாரோ அவருக்குத்தான் அட்டை. வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு அண்ணா நகரில் இருப்பவர், எனக்கும் குளத்தில் பங்கு உண்டு என்று இன்னொரு அட்டை கேட்டால் கொடுப்பதில்லை. பங்கு சொத்தில் இருக்கிறது. தண்ணீரில் இறங்கும் உரிமையை அவர் வாடகையோடு சேர்த்துக் கொடுத்துவிட்டார். பராமரிப்புப் பணம் பாக்கி என்பதற்காகப் பிள்ளைகளின் அட்டையை முடக்குவதையும் எதிர்த்தேன். அப்பா கட்டாத பணத்துக்குப் பத்து வயசுப் பிள்ளையை நண்பர்கள் முன்னால் கதவில் நிறுத்துவது வசூல் முறையே இல்லை. நோட்டீஸ் கொடுக்கட்டும், வட்டி போடட்டும், சட்டப்படி வாங்கட்டும். ஓட்டெடுப்பில் இது கொஞ்ச வித்தியாசத்தில்தான் நிறைவேறியது.

விருந்தாளிகள் சித்திரையில்தான் குவிவார்கள். திருக்கல்யாணம், தேர், மூன்றுமாவடியில் எதிர்சேவை, அழகர் ஆற்றில் இறங்குவது என்று ஊரே உறவுக்காரர்களால் நிறையும். எங்கள் சாலை வழியாகத்தான் அழகர் வருகிறார். ஒவ்வொரு வீட்டிலும் ஏழெட்டு பேர் கூடுதல், அதில் பாதி பிள்ளைகள், நூறு டிகிரி வெயில். அவர்களை வராதே என்று சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. காசும் வாங்குவதில்லை. ஒரு வீட்டுக்கு ஒரு நேரத்தில் இரண்டு விருந்தாளி டோக்கன், இருபதுக்குள் அடங்க வேண்டும், வீட்டுக்காரர் கூடவே இருக்க வேண்டும். புதிதாக வரும் பிள்ளை, ஊரில் கண்மாயிலேயே நீந்துவேன் என்று சொன்னாலும், 3 அடி முனையில் அகலவாக்கில் ஒரு தடவை நீந்திக் காட்டி, ஒரு நிமிஷம் மிதந்து காட்டிய பிறகுதான் ஆழத்துக்கு அனுமதி. நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் அதே சோதனைதான்.

தீராத விஷயம் ஒன்று இருக்கிறது. வளாகத்துக்குள்ளேயே தங்கியிருக்கும் வாட்ச்மேன் குடும்பத்துக்கு அட்டை கொடுத்தாயிற்று. உள்ளே குடியிருப்பவர் என்ற விதியில் அவர்களும் வருகிறார்கள். வீட்டு வேலைக்கு வரும் பெண்களின் பிள்ளைகள் வரவில்லை. விடுமுறையில் அம்மாவோடு வந்து, மாடிப்படியில் உட்கார்ந்து, மத்தியானம்வரை கம்பி வேலி வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கிணற்றிலும் கால்வாயிலும் துணையில்லாமல் இறங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் இந்தப் பிள்ளைகள்தான். நீச்சல் யாருக்கு முதலில் தெரிந்திருக்க வேண்டும் என்றால் இவர்களுக்குத்தான். அதனால் அடுத்த பொதுக்குழுவுக்கு ஒரு தீர்மானம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்: ஏப்ரல், மே மாதங்களில் காலை 10 முதல் 11 வரை, வேலைக்கு வருபவர்களின் பிள்ளைகளுக்கு நீச்சல் வகுப்பு. குளம் அந்த நேரத்தில் எப்படியும் காலியாகத்தான் கிடக்கிறது. டோக்கன் விதி, சோதனை, குழாயடிக் குளியல் எல்லாம் அப்படியே. நீல டோக்கனுக்கு நான் நிற்கிறேன், இன்னும் மூன்று பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

எதிர்ப்பு இருக்கும் என்று தெரியும். காப்பீடு, பொறுப்பு, முன்னுதாரணம் என்று கேட்பார்கள். இதே மாதிரி வகுப்பை உங்கள் குடியிருப்பில் யாராவது நடத்தியிருந்தால், பெற்றோரின் சம்மதக் கடிதத்தை எப்படி எழுதினீர்கள், வகுப்புக்குக் காப்பீடு எடுத்தீர்களா என்று எனக்குச் சொல்லுங்கள். கூட்டம் பங்குனி கடைசி ஞாயிற்றுக்கிழமை. அதற்குள் வந்தால் தாளில் எடுத்துக்கொண்டு போவேன்.